புள்ளி விழுங்கிய பிரிண்டர்

ஜனவரி இரண்டாவது வாரம். தொடக்கநிலை 3 படிக்கும் பையன் ஒருவன், நான் கொடுத்த பயிற்சித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு பென்சிலைத் தொடாமலே உட்கார்ந்திருந்தான். என்னடா என்று கேட்டேன். "டீச்சர், இதுல புள்ளியெல்லாம் நாங்க போடணுமா?" என்றான்.

வாங்கிப் பார்த்தேன். ‘பட்டம்’ என்று நான் அடித்திருந்தது ‘படடம’ என்று நின்றது. ‘கப்பல்’ போய் ‘கபபல’. எல்லா வரியும் அப்படி இல்லை. இரண்டு வரி ஒழுங்காக இருக்கும், மூன்றாவது வரியின் உச்சியில் யாரோ பிளேடால் சீவியதுபோல மெல்லிய வெள்ளைக் கோடு ஓடும். அது சரியாகப் புள்ளிகள் உட்காரும் உயரம். ஆங்கிலத் தாளாக இருந்திருந்தால் யாரும் கண்டுகொண்டிருக்க மாட்டார்கள். தமிழில் மெய்யெழுத்துக்கெல்லாம் உயிர் வந்துவிட்டது.

"ஆமாம்டா, புள்ளி போடும் பயிற்சிதான்" என்று அன்றைக்குச் சமாளித்துவிட்டேன். எட்டுப் பிள்ளைகளும் போட்டார்கள். இரண்டு பேர் தேவையில்லாத இடத்திலும் போட்டார்கள். அது வேறு கதை.

சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங்கில், எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் வரவேற்பறையில்தான் வகுப்பு. 2018-இல் வாங்கிய இன்க்ஜெட் பிரிண்டர் டிவி மேசைக்குப் பக்கத்தில் இருக்கும். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை. தப்பில் பாதி என்னுடையது. நவம்பர் கடைசியில் பள்ளி விடுமுறை விட்டதும் ஊருக்குப் போய், ஐந்து வாரம் கழித்துத் திரும்பினோம். மாமா வயதைக் காரணம் சொல்லி வரவில்லை, வீட்டில்தான் இருந்தார். ஆனால் அவர் எதற்கு பிரிண்டரைத் தொடப்போகிறார்? ஐந்து வாரமும் அது தூங்கியது, உள்ளே மை காய்ந்தது.

இன்க்ஜெட் பிரிண்டரின் அச்சுத் தலையில் முடியைவிடச் சன்னமான துளைகள் நூற்றுக்கணக்கில் வரிசையாக இருக்கும். கேனன், எச்பி போன்றவர்கள் மையைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாகச் சூடேற்றி, அதில் எழும் குமிழியால் சொட்டை வெளியே தள்ளுகிறார்கள். எப்சன், பிரதர் இருவரும் மின்சாரம் பாய்ந்தால் நெளியும் ஒரு படிகத்தால் தள்ளுகிறார்கள். எப்படித் தள்ளினாலும் சொட்டின் அளவு சில பிக்கோலிட்டர்தான். ஒரு லிட்டரை லட்சம் கோடிப் பங்காகப் பிரித்தால் வரும் ஒரு பங்கு, ஒரு பிக்கோலிட்டர். அவ்வளவு சிறிய வழியில் மை ஒருமுறை காய்ந்தால் அடைப்புதான். தலை இடமும் வலமுமாக ஓடுவதால், அடைத்த துளை தாளில் குறுக்குக் கோடாகத் தெரிகிறது. என் புள்ளிகள் போனது அந்தக் கோட்டில்.

எல்லாரும் செய்வதையே நானும் செய்தேன். மெனுவில் ‘கிளீனிங்’. சோதனைத் தாள் அடித்துப் பார்த்தேன், கோடு இருந்தது. மறுபடி கிளீனிங். அப்புறம் ‘டீப் கிளீனிங்’. மூன்று நாளில் பத்துப் பதினைந்து தடவை செய்திருப்பேன். கறுப்பு மை தீர்ந்தது, புதிது வாங்கிப் போட்டேன். மஞ்சளும் நீலமும்கூட இறங்கிக்கொண்டே வந்தன. நான்காவது நாள் திரையில் புதிதாக ஒரு செய்தி: கழிவு மை உறிஞ்சி நிரம்பிவிட்டது, சேவை மையத்தை அணுகவும். அதோடு வேலைநிறுத்தம். அச்சு இல்லை. ஸ்கேன் செய்யலாமே என்றால் அதுவும் இல்லை. ஸ்கேனுக்கும் மைக்கும் என்ன சம்பந்தம் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

மாமா செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவர். அவருக்கு ரிப்பேர் ஆகாத பொருள் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. "ஏம்மா, சுத்தம் பண்ணினா அந்த மை எங்க போகும்? அதைக் கேட்டியா?" என்றார். எனக்குத் தோன்றவே இல்லை. மை காற்றோடு போய்விடும் என்று நினைத்திருந்தேன் போல.

பேப்பரை விரித்து, பிரிண்டரைக் கவிழ்த்து, பின்பக்கத் திருகுகளைக் கழற்றினார். அடியில் இருந்து ஒரு கனத்த பஞ்சு அட்டையை இடுக்கியால் மெல்ல இழுத்தார். கறுப்பு சோயா சாஸில் ஒரு வாரம் ஊறிய தவ்குவா (டோஃபு) மாதிரி வந்தது. கிளீனிங் செய்த ஒவ்வொரு தடவையும் துளைகளின் வழியே உறிஞ்சி எடுத்த மை அதில்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது. நான் காசு கொடுத்து வாங்கிய மை. மாமா அதைக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் குழாயடியில் வைத்துப் பிழிந்தார். முதலில் கறுப்பு, பிறகு ஊதா, அப்புறம் வெளிர் நீலம் என்று ஓடிக்கொண்டே இருந்தது. தரை ஓடுகளின் இடுக்கில் அந்த ஊதா இன்னும் இருக்கிறது. யாராவது வந்தால் காலை வைத்து மறைக்கிறேன்.

இரண்டு நாள் ஜன்னலோரம் காயவைத்து மறுபடி பொருத்தினார். சுவிட்சைப் போட்டோம். அதே செய்தி.

பிரிண்டர் அந்தப் பஞ்சைப் பார்ப்பதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. எத்தனை தடவை கிளீனிங் நடந்தது, ஒவ்வொரு தடவைக்கும் எவ்வளவு மை என்று உள்ளே ஒரு கணக்கு மட்டும் ஓடுகிறது. கணக்கு முடிந்தால் பஞ்சு நிரம்பிவிட்டதாக அர்த்தம். துவைத்தாலும், புதிதே போட்டாலும், அந்தக் கணக்கைப் பூஜ்யமாக்காவிட்டால் அது நம்பாது. மாமாவுக்கு இது பெரிய அவமானமாகப் போய்விட்டது. "கண்ணால பாக்காம கணக்குப் போடுறவன்" என்று அதைத் திட்டிக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை மார்க்கெட் தள்ளுவண்டியில் பிரிண்டரை வைத்துக் கயிறு கட்டி, டவுன்டவுன் பாதை ரயிலில் ஏறினோம். ரோச்சோரில் இறங்கினால் எதிரிலேயே மின்னணுப் பொருள் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்குவேர். அங்கே மேல்மாடியில் ஒரு சின்னக் கடை. மாமா வயதுள்ள சீனப் பெரியவர் இருந்தார். பார்த்துச் சொல்ல 20 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரிப்பேர் செய்தால் அதைக் கழித்துக்கொள்வாராம். என்னிடம் ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், மாமா மலாயில் ஏதோ கேட்டதும் முகம் மலர்ந்து அதற்கு மாறிவிட்டார். அந்தக் காலத்துச் சந்தை மலாய். அதன்பிறகு இருவருக்கும் நடுவில் நான் தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கணக்கைப் பூஜ்யமாக்க அவருக்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. மாமா துவைத்த பஞ்சைப் பார்த்துத் தலையசைத்துச் சிரித்தார். பிறகு பிரிண்டரின் தலையைக் கழற்றி ஏதோ திரவத்தில் ஊறவைத்து, அரை மணி நேரம் கழித்துச் சோதனைத் தாள் அடித்தார். கறுப்பு வரிசையில் அதே இடத்தில் ஓட்டை.

மாமா கேட்டார்: "போலே?"

"போலே," என்றார் அவர். கொஞ்சம் யோசித்து, "தாப்பி ரூகி."

முடியும், ஆனால் நஷ்டம். தலையை மாற்ற 85 வெள்ளி, கணக்கைப் பூஜ்யமாக்கிப் புதுப் பஞ்சு போட 45. ஆக 130. அதே ரகத்தில் புது பிரிண்டர் கீழ்மாடியில் 89 வெள்ளிக்கு அடுக்கிவைத்திருந்தது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எல்லா பிரிண்டருக்கும் இப்படித் தலையெழுத்து முடிந்துவிடாது. சிலவற்றில் தலை, மைப் பெட்டியின் அடியிலேயே ஒட்டியிருக்கும். பெட்டியை மாற்றினாலே புதுத் தலை வந்துவிடும், அடைப்புக்காக மெஷினைத் தூக்கிப்போடத் தேவையில்லை. பெட்டியை வெளியே எடுத்துப் பாருங்கள். அடியில் செம்புநிறப் பட்டையும் துளைத்தகடும் இருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். என்னுடையதில் பெட்டி வெறும் மைக்குடம். தலை மெஷினோடு இருந்தது.

89 வெள்ளிக்குப் புதிது என்றால் யோசிக்க என்ன இருக்கிறது என்று எனக்கும் முதலில் தோன்றியது. வீட்டுக்கு வந்து பிஸ்கட் டின்னில் போட்டுவைத்திருந்த ரசீதுகளை எடுத்துக் கூட்டினேன். போன வருஷம் மைக்கு மட்டும் 312 வெள்ளி. எட்டுப் பிள்ளைகள், வாரத்துக்கு ஆளுக்கு ஐந்து தாள், நாற்பது வாரம்: 1,600 தாள். ஒரு தாளுக்கு ஏறக்குறைய 20 காசு. புளோக்குக்குக் கீழே இருக்கும் கடையில் நகலெடுத்தாலே 10 காசுதான். வீட்டில் அச்சிட்டால் மிச்சம் என்று ஏழு வருஷமாக நம்பிக்கொண்டிருந்தேன்.

கறுப்பு மைப் பெட்டியின் அட்டையில் 300 பக்கம் என்று போட்டிருக்கும். அது பொய் இல்லை. சர்வதேசத் தரத்தில் ஒரு சோதனைத் தாள் தொகுப்பு இருக்கிறது, அதை நிறுத்தாமல் அடித்துக்கொண்டே போய் எடுக்கும் எண் அது. என்னைப் போலச் செவ்வாய்க்கிழமை பத்து, வெள்ளிக்கிழமை முப்பது என்று அடித்தால், நடுநடுவே மெஷின் தானாகவே சுத்தம் செய்துகொள்ளும் மை அந்த எண்ணில் வராது. தொடக்கநிலை 1 பிள்ளைகளுக்கு ஒரு தாளில் ஒரே ஒரு ‘ழ’வைக் கட்டைவிரல் தடிமனுக்குப் போடுகிறேனே, அதுவும் வராது. மலிவு பிரிண்டர்களில் மெஷின் விலையை இறக்கி, மையில் பிடித்துக்கொள்கிறார்கள். நான் 89 வெள்ளிக்கு வாங்கப்போவது பிரிண்டரை இல்லை, இன்னொரு 312 வெள்ளி வருஷத்தை.

மிச்சம் இரண்டு வழி. ஒன்று, புட்டியில் மை ஊற்றும் தொட்டி வகை. 2010-இல் எப்சன் இதை முதலில் இந்தோனேசியாவில் இறக்கியது. நான் பார்த்தது 219 வெள்ளி. 16 வெள்ளி கறுப்புப் புட்டியில் ஆயிரக்கணக்கான தாள், ஒரு தாளுக்கு ஒரு காசுகூட ஆகாது. இன்னொன்று கறுப்பு வெள்ளை லேசர், 159 வெள்ளி. 68 வெள்ளி டோனருக்கு 1,200 தாள், தாளுக்கு ஆறு காசுக்குள்.

கணக்குப்படி தொட்டிதான் ஜெயிக்கிறது. என் கணவர் எக்செல்லில் போட்டுக் காட்டினார், முதல் வருஷம் முடிவதற்குள்ளேயே லேசரைத் தாண்டிவிடுகிறது. ஆனால் தொட்டியில் இருப்பதும் மைதான், அதே சன்னத் துளைதான். ஜூனில் நாலு வாரம், வருஷக் கடைசியில் ஆறு வாரம், வகுப்பு கிடையாது. வாரம் ஒரு தாள் அடித்தால் போதும் என்றார்கள். மாமா, "நான் அடிக்கிறேம்மா" என்றார். அவர் அடிப்பார். ஆனால் அவரும் ஒரு டிசம்பர் எங்களோடு ஊருக்கு வர வேண்டும் என்பது என் ஆசை. ஒரு மெஷினுக்குக் காவல் வைத்துவிட்டுப் போக மனசில்லை.

டோனர் பொடி. காய்வதற்கு அதில் ஈரம் இல்லை. சூட்டில் உருகித் தாளில் பிடித்துக்கொள்ளும். பிள்ளைகள் தண்ணீர் புட்டியைப் பைக்குள்ளேயே கவிழ்ப்பார்கள், இன்க்ஜெட் தாளாக இருந்தால் எழுத்து கரைந்து ஊறிவிடும். இதில் அது இல்லை. வண்ணம்தான் போய்விடும். முன்பு வாய்மொழித் தேர்வுக்குப் பெரிய வண்ணப் படமாக அடித்துத் தள்ளுவேன். பி.எஸ்.எல்.இ. (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) வாய்மொழியில் காணொளி வந்த பிறகு மடிக்கணினியில் போட்டுக் காட்டிப் பேசச் சொல்கிறேன். வண்ணம் வேண்டியது வருஷத்துக்கு நாற்பது ஐம்பது தாள். அதைப் பிராஸ் பசா காம்ப்ளெக்ஸில் கொடுத்துக்கொள்ளலாம், அந்தச் சாக்கில் புத்தகக் கடையையும் ஒரு சுற்று பார்க்கலாம். கணவர் எக்செல்லை மூடிவிட்டு லேசருக்கு ஆர்டர் போட்டார்.

பழையதை என்ன செய்வது என்பதுதான் மாமாவின் கவலை. "சுங்கை ரோடு இருந்திருந்தா உதிரியா வித்திருக்கலாம்" என்றார். அந்தப் பழைய பொருள் சந்தை 2017 ஜூலையிலேயே மூடியாயிற்று. பழைய சாமான் வாங்கும் காராங்குனிக்காரர் ஒருவர் கூப்பிட்டதும் வந்து பார்த்து, இரண்டு வெள்ளி என்றார். மாமா பேச்சையே நிறுத்திவிட்டார். 2021 ஜூலையிலிருந்து இங்கே சட்டம் இருக்கிறது: புதிதைக் கொண்டுவந்து இறக்கும் கடை, அதே வகைப் பழையதைக் காசு வாங்காமல் எடுத்துப்போக வேண்டும். கடையில் வாங்காதவர்கள் சமூக மன்றங்களிலும் வேறு சில இடங்களிலும் இருக்கும் மின்கழிவுத் தொட்டியில் போடலாம், பிரிண்டரும் அதில் சேர்த்தி. டெலிவரிக்காரத் தம்பியிடம் நான் பழையதைக் காட்டியபோது அது லேசாக இருப்பதுபோல் இருந்தது. ஸ்கேனர் கண்ணாடி, இரண்டு ஸ்டீல் கம்பி, ஒரு குட்டி மோட்டார் மூன்றும் மாமாவின் கட்டிலுக்கு அடியில் இருப்பதைப் பிறகுதான் பார்த்தேன். எதற்கு மாமா என்று கேட்டேன். "இருக்கட்டும்மா" என்றார்.

லேசர் வந்த வாரம், முதல் தாளை அதே பையனிடம்தான் கொடுத்தேன். மேலிருந்து கீழ்வரை விரலை வைத்துப் பார்த்தான். "இங்க ஒண்ணு விட்டுப்போச்சு டீச்சர்" என்று ‘வணக்கம’வைக் காட்டினான். மடிக்கணினியைத் திறந்து பார்த்தேன். நான்தான் அப்படி அடித்திருந்தேன்.