வேதியியல் ஆராய்ச்சிக்கு யார் பணம் கொடுப்பார்கள்? நான் சேர்ந்த வழி

வேதியியலில் பிஎச்.டி. செய்ய வீட்டுப் பணம் வேண்டியதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். சென்னிமலை, காங்கேயம், வெள்ளகோவில் பக்கமெல்லாம் எம்.எஸ்ஸி. வேதியியலில் நல்ல மார்க் எடுத்த பெண்கள் பி.எட். முடித்துப் பள்ளிக்கூடத்துக்குப் போகிறார்கள். பையன்கள் சாயப்பட்டறை லேபுக்கோ மருந்துக் கம்பெனிக்கோ போகிறார்கள். அந்த வேலைகளில் குறையொன்றும் இல்லை. ஆனால் ஆராய்ச்சி ஆசை இருந்தும் "யாருங்க செலவு பண்றது?" என்று நின்றுபோகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு ஆறுவதில்லை.

எங்கள் அப்பா தறி ஓட்டுகிறவர். பிஎச்.டி. என்றதும் அவர் கேட்டது ஒன்றுதான்: "அஞ்சு வருசத்துக்குச் சோத்துக்கு என்ன அம்மிணி பண்ணுவே?" நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடிக்கொண்ட பிறகுதான் தலைப்பைப் பற்றியே யோசித்தேன். முதலில் பணம், அப்புறம் வழிகாட்டி, கடைசியில் தலைப்பு. இந்த வரிசைதான் சரி என்று இன்றைக்கும் சொல்வேன். "சேர்ந்துக்கோங்க, பின்னாடி பாத்துக்கலாம்" என்ற பேச்சை நம்பிச் சேர்ந்து, வருசக்கணக்கில் ஒரு ரூபாய் வராமல் டியூஷன் எடுத்துக்கொண்டே ஆய்வு செய்த அக்காக்களை எனக்குத் தெரியும்.

பெரிய வழி சி.எஸ்.ஐ.ஆர்.–யு.ஜி.சி. நெட் என்ற தேசிய அளவிலான தகுதித் தேர்வு. அதில் ஜே.ஆர்.எஃப். என்ற இளநிலை ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுக்கு மாதம் 37,000 ரூபாய், அதன்பின் எஸ்.ஆர்.எஃப். என்ற முதுநிலை உதவித்தொகைக்கு உயர்ந்தால் 42,000. 2023 ஜனவரி முதல் இந்தத் தொகைதான். வீட்டு வாடகைப் படி தனி. இந்தப் பணம் மாணவரோடு வருகிறது என்பதுதான் இதில் அருமை. எந்தப் பல்கலைக்கழகத்தில், யாரிடம் சேர்வது என்பதை நாம் முடிவு செய்யலாம்.

தேர்வு மூன்று மணி நேரம், 200 மதிப்பெண். அ பகுதி பொதுத் திறனும் கணக்கும், ஆ பகுதி நேரடியான வேதியியல். உயிர்நாடி இ பகுதி: அறுபது கேள்விகளில் இருபத்தைந்துக்கு விடையளித்தால் போதும், ஒவ்வொன்றுக்கும் 4 மதிப்பெண், தவறினால் ஒன்று போகும். ஆகவே எல்லாவற்றையும் படிக்க வேண்டும் என்று பயப்படாதீர்கள். எனக்குக் குவாண்டம் எப்போதும் தடுமாற்றம். கரிம வினைகள், நிறமாலையியல், அணைவுச் சேர்மங்கள், வேதி வினைவேகவியல் இவற்றை ஆழமாகப் படித்துக்கொண்டு, அந்தக் கேள்விகளை மட்டும் தொட்டேன். பழைய வினாத்தாள்களைக் கடிகாரம் வைத்துப் போட்டுப் பார்த்ததுதான் அதிகம் உதவியது. ஒரு கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போகும் தைரியம் அதில்தான் வந்தது.

இன்னொன்று: ஓ.பி.சி. பிரிவில் விண்ணப்பிக்க நம் மாநிலச் சாதிச் சான்று போதாது. கிரீமி லேயரில் (பிற்படுத்தப்பட்டோரில் வசதி படைத்தவர்கள்) வராதவர் என்ற சான்றை மத்திய அரசுப் படிவத்தில் தனியாக வாங்க வேண்டும். இ-சேவை மையத்தில் முன்கூட்டியே பதிந்துவிடுங்கள்.

ஜே.ஆர்.எஃப். வராவிட்டாலும் கதவு மூடிவிடாது. 2024 முதல் அதே தேர்வில் பிஎச்.டி. சேர்க்கைக்கு மட்டும் தகுதி பெறுகிற பிரிவும் இருக்கிறது. அதில் பணம் வராது, இடத்துக்கு விண்ணப்பிக்கலாம். கேட் (GATE) என்ற இன்னொரு தேர்வின் மதிப்பெண் மூன்று ஆண்டு செல்லும், அதை வைத்து ஐ.ஐ.டி.களுக்குப் போகலாம். எம்.எஸ்ஸி.யில் பல்கலைக்கழக முதலிடம் வாங்கியவர்கள் மத்திய அரசின் இன்ஸ்பயர் உதவித்தொகையைப் பாருங்கள். மாநில அரசின் முதலமைச்சர் ஆராய்ச்சி உதவித்தொகையும் உண்டு. பேராசிரியர்களின் திட்டங்களில் ஆள் எடுக்கும் அறிவிப்பு பல்கலைக்கழக இணையதளத்தில் வரும். ஆனால் திட்டம் முடிந்தால் அந்தப் பணமும் நின்றுவிடும். எத்தனை ஆண்டு மிச்சம் என்று கேட்டுவிட்டே சேருங்கள்.

வழிகாட்டியைத் தேடும்போது "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஒரே கடிதத்தை எல்லோருக்கும் அனுப்புவதில் பயனில்லை. நான் எழுதியவர்களின் சமீபத்திய கட்டுரைகளைப் படித்து, அவற்றில் எனக்குப் புரியாத ஒன்றைக் கேட்டு எழுதினேன். பதில் வந்தவை எல்லாம் அப்படி எழுதியவைதான். நேரில் போனபோது பேராசிரியரிடம் பேசியதைவிட லேபில் இருந்த அண்ணன்களிடமும் அக்காக்களிடமும் பேசியது அதிகம். கெமிக்கல் வாங்க யார் பணம் போடுகிறார்கள், என்.எம்.ஆர்., எஸ்.இ.எம். போன்ற பெரிய கருவிகளில் சோதிக்க மாதிரியை எங்கே அனுப்புகிறார்கள், போன ஆண்டு யார் பட்டம் வாங்கினார்கள் என்று கேட்டேன். பதிலில் தயக்கம் இருந்த இடத்தை விட்டுவிட்டேன்.

கடைசியில் மருதமலை அடிவாரத்திலேயே, பாரதியார் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தேன். ஜே.ஆர்.எஃப். இருந்ததால் நேர்காணல் மட்டும்தான். சாயக்கழிவு நீரை ஒளிவினையூக்கியால், அதாவது ஒளி பட்டால் வேலை செய்யும் வினையூக்கியால், சுத்தம் செய்வது என் விருப்பம் என்றேன். எங்கள் ஊர் ஒரத்துப்பாளையம் அணைக்குப் பக்கம். நொய்யலில் சாயத்தண்ணீர் வந்து கிணறெல்லாம் கெட்டதையும், 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதையும் பேசிப்பேசி வளர்ந்த வீடு. ஆனால் குழுவில் இருந்தவர்கள் ஊர்க்கதையில் நிற்கவில்லை. இந்த வேலைக்கு வழக்கமாகப் பயன்படும் வினையூக்கியைச் சொல்லி, "டைட்டானியம் டை ஆக்சைடு வெயிலில் ஏன் சரியாக வேலை செய்வதில்லை?" என்று கேட்டார்கள். அதன் அனடேஸ் என்ற படிக வடிவத்தின் ஆற்றல் இடைவெளி, அதாவது அதைத் தூண்ட ஒளி தர வேண்டிய ஆற்றல், 3.2 எலக்ட்ரான் வோல்ட், அதற்குப் புற ஊதாக் கதிர் வேண்டும், தரைக்கு வரும் வெயிலில் அது நூற்றில் நான்கைந்து பங்குதான் என்று சொன்னேன். "சரி, அப்போ நீங்க என்ன பண்ணுவீங்க?" என்றார்கள். அந்தக் கேள்விக்குத் தயாராகப் போனது கைகொடுத்தது.

சேர்ந்த மறுமாதமே பணம் வந்துவிடும் என்று எண்ண வேண்டாம். சேர்க்கை அறிக்கை, வங்கி விவரம், துறைத்தலைவர் கையெழுத்து எல்லாம் போய்ச் சேர்ந்து முதல் தொகை வர எனக்கு மாதக்கணக்கில் ஆனது. அதுவரை விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் கையில் ஏதாவது வைத்துக்கொள்ளுங்கள். பிறகு நிலுவையோடு சேர்ந்தே வந்தது. வீட்டில் மாமா, சித்தப்பா எல்லோருக்கும் அதன்பிறகுதான் இது படிப்பு மட்டுமல்ல என்று நம்பிக்கை வந்தது. பெண்களுக்கு இன்னொரு செய்தி: 2022 யு.ஜி.சி. விதிகளின்படி மகப்பேறு விடுப்பு 240 நாள் வரை உண்டு. கல்யாணத்தைக் காரணம் காட்டி யாராவது தடுத்தால் இதைச் சொல்லுங்கள்.

இரண்டாம் ஆண்டு முடிவில் வெளி நிபுணர் ஒருவர் இருக்கும் குழு நம் வேலையைப் பார்த்த பிறகுதான் எஸ்.ஆர்.எஃப். கொடுப்பார்கள். எனக்கு அது முடிந்துவிட்டது. சோதனைக்கு எடுத்த மெத்திலீன் நீலம் என்ற சாயத்தில் என் வினையூக்கி நன்றாகவே வேலை செய்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் 664 நானோமீட்டரில் சாயம் ஒளியை உறிஞ்சுவதைக் காட்டும் சிகரம் இறங்கிக்கொண்டே வரும். உண்மையான பட்டறைத் தண்ணீரில்தான் சிக்கல்: சாயமேற்றப் போடுகிற உப்பின் குளோரைடு அயனிகள், சாயத்தை உடைக்க வேண்டிய ஹைட்ராக்சில் தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல்) பிடித்துக்கொள்கின்றன. இந்த ஆண்டு முழுக்க அதில்தான் வேலை.