ஒபினெல் 8: மூட்டு இளகியாச்சு, அடுத்து பனைமரப் பிடி

ஐப்பசி மழை பிடித்ததும் என் ஒபினெல் மடக்குக் கத்தி திறக்கவே அடம்பிடித்தது. இப்போது நகத்தை வைத்து இழுத்தால் வந்துவிடுகிறது. இடையில் செய்த வேலைகளை எழுதிவைக்கிறேன். கார்பன் இரும்புக் கத்தியோடு நம் ஊரில் தினமும் திரிகிறவர்களுக்கு உதவும்.

பிரான்ஸில் சவோய் பகுதிச் சரக்கு இது. 1890-இல் ஜோசப் ஒபினெல் தொடங்கியது. திறந்த அலகு மடங்காமல் பூட்டும் வளையம் 1955-இல் சேர்ந்தது. என்னுடைய எட்டாம் நம்பர் அளவுக்கு அலகு 8.5 செ.மீ., பிடி பீச் மரம். தொல்லை முழுக்க அந்த மரத்தில்தான். ஈரம் குடித்தால் உப்பும், உப்பினால் அலகை இரண்டு பக்கமும் கவ்வும். வெளியே வார்னிஷ் உண்டு. அலகு உட்காரும் பள்ளத்துக்குள் அந்தக் காப்பு கிடையாது என்றே வைத்துக்கொள்ளலாம். அதனால் கூர் பார்ப்பதற்கு முன்னால் மூட்டைப் பாருங்கள் என்பேன்.

சர்க்ளிப் பிளையரால் வளையத்தை விரித்துக் கழற்றினேன். மொட்டைமாடிக் கொட்டகை நிழலில் நன்றாகக் காயவிட்டேன். நேர்வெயிலில் வைத்தால் மரம் வெடிக்கும். உப்புத்தாளை மடித்துப் பள்ளத்துக்குள் விட்டு லேசாகத் தேய்த்து, மூட்டுப் பக்கம் ஆளிவிதை எண்ணெய் ஊற்றி, ஊறியதும் மிச்சத்தைத் துடைத்தேன். காய்ந்ததும் மறுபடி அதே வேலை. தேங்காய் எண்ணெய் இதற்கு ஆகாது, அது காயவே காயாது. ஆளிவிதை எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மரத்துக்குள்ளேயே கெட்டிப்படும். துடைத்த துணியை மட்டும் சுருட்டிப் போட்டுவிடாதீர்கள். காயும்போது சூடு கிளம்பும், சுருட்டிய துணி தானாகவே தீப்பிடிக்கும். தண்ணீரில் நனைத்து, விரித்துக் காயப்போடுங்கள்.

அடுத்து அலகைக் கறுப்பாக்கும் வேலை. வினிகர், டிகாஷன் என்று பலரும் சொல்வார்கள். நான் மாங்காயை எடுத்தேன். மாங்காய் அரிந்தால் அரிவாள்மணை கறுப்பது எல்லா வீட்டிலும் தெரிந்த சங்கதி. எண்ணெய்ப் பசை போக அலகைச் சோப்புப் போட்டுக் கழுவி, நத்தம் பக்கத்துக் கல்லாமை மாங்காயைக் கீறிக் கீறித் தின்றோம். சாற்றை அலகிலேயே விட்டுவைத்தேன். கொஞ்ச நேரத்தில் நுனிப்பக்கம் நீலம் ஓடியது, நடுவில் சாம்பல் படர்ந்தது, சாறு திரண்டு நின்ற இடமெல்லாம் கருந்திட்டு. அவ்வளவு அழகு! இந்தக் கறுப்பு வேறு, செந்துரு வேறு. செந்துரு உதிர்ந்து உதிர்ந்து இரும்பைத் தின்னும். கறுப்பு ஒட்டி நின்று, துரு ஏறுவதைத் தாமதப்படுத்தும்.

ஆனால் சித்திரை வேர்வைக்கு அது மட்டும் போதாது. வேர்வையில் உப்பு இருக்கிறதே! வீடு திரும்பியதும் உலர்ந்த துணியால் துடைத்து, அலகில் ஒரு சொட்டு தேங்காய் எண்ணெய். பழம் நறுக்குகிற கத்தி, அதனால் சாப்பிடுகிற எண்ணெய்தான். (மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போகிற நாளில் கத்தி வீட்டில்தான், வாசலில் சோதனை உண்டு.)

கூர் விஷயத்துக்குத் திருப்பாச்சேத்தி போனேன். அருவாளுக்குப் பேர்போன ஊர் பக்கத்தில் இருக்கும்போது வேறெங்கே கேட்பது?

“அண்ணே, இதைச் சாணை பிடிச்சுத் தர முடியுமா?”

பட்டறைக்காரர் அலகைக் கட்டைவிரல் நகத்தில் அழுத்தி நெளித்துப் பார்த்தார். “ரொம்ப மெல்லிசு தம்பி. மெஷின்ல வச்சா நீலம் பாய்ஞ்சிரும், பெறகு கூர் நிக்காது. கல்லுல தண்ணி விட்டு நீங்களே தேச்சுக்கங்க.”

நூற்றுக்கு நூறு சரி. சாணை பிடிக்கும்போது இரும்பில் நீலம் தெரிந்தால் சூடு 300 டிகிரியை ஒட்டிப் போயிருக்கிறது, பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதனால் 1000 நம்பர் கல்லிலேயே தேய்க்கிறேன். விளிம்பில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொண்டால், கல் எங்கே படுகிறது, எங்கே படவில்லை என்பது மை அழிவதிலேயே தெரியும். மறுபக்கம் பிசிறு விரலில் தட்டியதும் பக்கம் மாற்றுவேன். கடைசியில் பழைய தோல் பெல்ட்டில் பின்னோக்கி இழுப்பு. கனிந்த தக்காளியில் அழுத்தாமலே இறங்குகிறது.

இனி பிடி. கறுப்பு நரம்பு ஓடும் பனை வைரத்தில் போட ஆசை. சிலாம்பு கிளம்புகிற மரம், எண்ணெய் ஏற்றுவதற்கு முன் நரம்பு இடுக்குகளில் பெவிக்விக் விட்டுத் தேய்க்க வேண்டியிருக்கும். அறுவை மில்லில் வாங்கிய துண்டு பரண்மேல் காய்கிறது. முழுசாக உலர்ந்த பிறகுதான் ரம்பம் வைப்பேன். அலகைப் பிடியோடு கோத்திருக்கும் பழைய ரிவிட்டைத் தட்டி எடுத்தால் திரும்பப் போட முடியாது, அதனால் அதே கனத்தில் பித்தளைக் கம்பி தேடிக்கொண்டிருக்கிறேன்.