வங்கி வேலையை எப்போது விடலாம்? நான் போட்ட கணக்கு

சேலத்தில் ஒரு தனியார் வங்கியில் ஏழு வருடம் கிரெடிட், அதாவது கடன் கொடுக்கிற பிரிவு, பார்த்தேன். பங்கு ஆய்வுப் பக்கம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. "நானும் விட்டுடலாமாண்ணா?" என்று கேட்கிற தம்பிகளுக்கு போனில் சொல்வதை இங்கே எழுதிவிடுகிறேன்.

முதலில், கோபத்தில் விடாதீர்கள். நானே விடப் பார்த்தவன்தான். ஒரு மார்ச் கடைசியில் டார்கெட் மீட்டிங்கில் எல்லார் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டு, ராஜினாமா மெயிலை டைப் பண்ணி டிராஃப்டில் வைத்துவிட்டு ஐந்து ரோட்டில் டீ குடிக்கப் போனேன். டீ முடிவதற்குள் ஸ்டாஃப் ஹவுசிங் லோன் ஞாபகம் வந்துவிட்டது. வேலையில் இருக்கும்வரைதான் சலுகை வட்டி, வெளியே வந்தால் ஊருக்கு என்ன வட்டியோ அதுதான். கிராஜுவிட்டிக்குத் தொடர்ந்து 5 வருடம் முடிய வேண்டும், எனக்கு இன்னும் நான்கு மாதம் பாக்கி. டிராஃப்டை அழிக்கவில்லை, அனுப்பவும் இல்லை.

விடுவதற்கான நிஜமான காரணம் ஆத்தூர் ரோட்டில் ஒரு சேகோ (ஜவ்வரிசி) ஃபேக்டரியில் கிடைத்தது. சி.சி. லிமிட்டுக்கு (சரக்கை அடமானமாக வைத்து வாங்கும் நடப்புக் கடன்) கொடுத்த ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் இருக்கிற மூட்டை குடோனிலும் இருக்கிறதா என்று அட்டி அட்டியாக எண்ணிக்கொண்டிருந்தேன். முதலாளி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தம்பி, மூட்டையையே எண்றீங்க, புது டிரையர் போட்டிருக்கேனே, மழை பேஞ்சா களம் சும்மா கெடக்கும், இப்ப அந்தக் கவலையே இல்ல, அதைக் கேக்கவே மாட்டேங்கறீங்க" என்றார். கேட்டு என்ன செய்ய? கடன் கொடுத்தவனுக்கு அசலும் வட்டியும் வந்தால் போதும், ஃபேக்டரி இரண்டு மடங்கு வளர்ந்தாலும் வட்டி அதேதான். வளர்ச்சியைப் பற்றிக் கேட்க வேண்டியவன் பங்கு வாங்குகிறவன். ஆனால் திரும்பும் வழியெல்லாம் எனக்கு டிரையர் நினைப்புதான்.

அதனால் நான் சொல்கிற சோதனை இது. யாரும் கேட்காமல், பத்துப் பைசா வராமல், ஞாயிற்றுக்கிழமை ஒரு கம்பெனியின் ஐந்து வருட ஆண்டறிக்கையைப் படித்து நான்கு பக்கம் எழுத முடிகிறதா? அப்படி நான் எழுதிய முதல் நோட்டு அச்சு அசல் கடன் அப்ரைசல், கடன் கொடுக்கலாமா என்று வங்கியில் எழுதும் அறிக்கை. கடன் விகிதம் உண்டு, டிஎஸ்சிஆர் (வருமானம் கடன் தவணைக்குப் போதுமா என்கிற விகிதம்) உண்டு, இந்த விலைக்கு இந்தப் பங்கை வாங்கலாமா என்று ஒரு வரி கிடையாது. நான்காவது நோட்டில்தான் அந்தக் கேள்விக்கே வந்தேன். இரண்டாவதிலேயே அலுத்துவிட்டால் நீங்கள் வெறுப்பது வேலையை இல்லை, மேனேஜரை. வேறு கிளைக்கு மாற்றல் கேளுங்கள்.

பரீட்சைகளை வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். பங்குச் சந்தைத் தேர்வுகள் நடத்தும் என்ஐஎஸ்எம் நிறுவனத்தின் சீரீஸ் 15, ரிசர்ச் அனலிஸ்ட் (பங்கு ஆய்வாளர்) தேர்வு, 2 மணி நேரம், 100 மதிப்பெண், 60 எடுத்தால் பாஸ், தப்புக்குக் கால் பங்கு கழிப்பார்கள். கிரெடிட் ஆட்களுக்கு இது கஷ்டமில்லை. முதலீட்டு ஆய்வாளர்களுக்கான சர்வதேசத் தேர்வான சிஎஃப்ஏவின் லெவல் 1 வேறு ரகம். 180 கேள்விகள், 2 மணி 15 நிமிடம் வீதம் இரண்டு அமர்வு, அதாவது கேள்விக்கு 90 நொடி. இங்கே நெகட்டிவ் கிடையாது, எதையும் காலியாக விடாதீர்கள். 300 மணி நேரம் படிக்கச் சொல்கிறார்கள். நான் காலை 4.30 முதல் 6.30 வரை ஐந்து மாதம் உட்கார்ந்தேன். பேலன்ஸ் ஷீட் பகுதி தண்ணீர் பட்ட பாடு, டெரிவேட்டிவ்ஸ் கண்ணைக் கட்டியது.

இவ்வளவும் எழுதியதால் வேலை கிடைத்துவிடவில்லை. இன்டர்வியூவில் சர்டிஃபிகேட்டைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நூற்பாலை பற்றி நான் எழுதிய நோட்டை எடுத்துவைத்து, சரக்கு ஏன் தேங்கியது என்று நாற்பது நிமிடம் குடைந்தார்கள். குடோனில் மூட்டை எண்ணியது அன்றைக்குத்தான் உதவியது.

சம்பளம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. வீட்டில் முன்கூட்டியே பேசி, ஒரு வருடச் செலவை எஃப்டியில் போட்டிருந்ததால் சமாளித்தோம். ஹவுசிங் லோனை வேறு வங்கிக்கு மாற்றுவதென்றால் பேஸ்லிப் கையில் இருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள், அப்புறம் அலைய வேண்டியிருக்கும்.

போனஸ் அக்கவுண்டில் விழுந்த மறுநாள் பழைய டிராஃப்டைத் திறந்தேன். கோபமாக எழுதியிருந்த இரண்டு பாராவை வெட்டிவிட்டு, தேதியை மாற்றி அனுப்பினேன். 90 நாள் நோட்டீஸில் ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை.