ஏட்டுச் சுரைக்காயாக ஒரு 20 ஜிபி கோப்பு

ஒரு கோப்புக்கு வேண்டிய டிஸ்க் இடத்தை முன்கூட்டியே பிடித்துவைக்க வேண்டும் என்று வையுங்கள். கோப்பின் அளவை மாற்றும் எஃப்ட்ரங்கேட்டில் அளவைக் கொடுத்ததும் புதிய கோப்பு 20 ஜிபிக்கு நீண்டுவிடும். கோப்பின் அளவைக் காட்டும் எல்எஸ் கட்டளையும் ஆமாம் போடும். டிஸ்க்கில் உண்மையில் பிடித்த இடத்தைக் காட்டும் டியூ அடித்துப் பார்த்தால் 0. ஒரு பிளாக்கூட ஒதுக்கப்பட்டிருக்காது. சாதாரண ரைட் என்றால் நடுவழியிலாவது ‘இடமில்லை’ என்று பிழை வரும். கோப்பை நினைவகத்தோடு இணைக்கும் எம்மேப் வழியாக எழுதினால் அதுவும் கிடையாது: டிஸ்க் நிரம்பிய நொடியில் சிக்பஸ் என்ற சிக்னல், புரோகிராம் அவுட்.

சரி என்று, இடத்தை உண்மையிலேயே ஒதுக்கும் போசிக்ஸ்_எஃப்அலோகேட்டுக்குத் தாவினால் அங்கே வேறு பொறி. இது -1 தராது, பிழை எண் வழக்கமாக உட்காரும் எர்ர்நோவையும் தொடாது. பிழை எண்ணையே நேராகத் திருப்பும். பழக்கதோஷத்தில் ‘0-க்குக் கீழா’ என்று சோதித்தால், லினக்ஸில் 28 (இடமில்லை) வந்தும் வெற்றி என்றே லாக் பேசும். 0 அல்லாத எதுவும் தோல்விதான்.

அதைத் திருத்திய பிறகும் சில மவுன்ட்களில் (இணைத்த ஃபைல் சிஸ்டங்களில்) உயிர் போகிற தாமதம். புரோகிராம் கெர்னலை அழைப்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் போட்டால்தான் குட்டு உடையும்: 4096 பைட்டுக்கு ஒரு பைட் வீதம் பீரைட் என்ற எழுதும் அழைப்பு ஓடிக்கொண்டிருக்கும். ஃபைல் சிஸ்டத்துக்கு இந்த வசதி இல்லையென்றால், லினக்ஸின் வழக்கமான சி நூலகமான ஜிலிப்சி சொல்லாமல் கொள்ளாமல் இப்படித்தான் சமாளிக்கிறது. 20 ஜிபிக்கு 52 லட்சம் அழைப்புகளைத் தாண்டும். நெட்வொர்க் வழி ஃபைல் சிஸ்டமான என்எஃப்எஸ் 3-இல் இதுதான் கதி, 4.2-இல் சர்வரும் ஆதரித்தால் பிழைத்தோம். வாய்திறந்து ‘முடியாது’ என்று சொல்லியிருக்கலாம்! மஸ்ல் என்ற இன்னொரு சி நூலகம் அப்படித்தான் சொல்கிறது.

ஆகவே லினக்ஸில் எஃப்அலோகேட்டையே நேரடியாக அழைப்பது உத்தமம். இங்கே தோல்வி என்றால் -1, காரணம் எர்ர்நோவில் என்ற பழைய வழக்கமே. எர்ர்நோ 95 என்றால் ஆதரவில்லை; அடுத்து என்ன செய்வது என்பது நம் கையில். எக்ஸ்ட்4, எக்ஸ்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டங்கள் இரண்டிலும் 20 ஜிபி கண்ணிமைக்கும் நேரத்தில் முடியும். கோப்பின் இட ஒதுக்கீட்டைக் காட்டும் ஃபைல்ஃப்ராக் -வி கொடுத்தால் எக்ஸ்டென்ட்களின் (தொடர்ச்சியான இடத் துண்டுகளின்) பக்கத்தில் ‘அன்ரிட்டன்’ (இன்னும் எழுதப்படாதது) என்று இருக்கும்: இடம் நம்முடையது, படித்தால் பூஜ்யங்கள்.

எஃப்அலோகேட்டில் ‘அளவை மாற்றாதே’ என்னும் கீப்_சைஸ் கொடியைச் சேர்த்தால் நிலைமை தலைகீழ்: எல்எஸ் 0 காட்டும், டியூ 20 ஜிபி காட்டும். கோப்பை மூடினாலும் மிச்ச இடம் திரும்பாது. எழுதி முடித்ததும் உண்மையான அளவுக்கு எஃப்ட்ரங்கேட் செய்துவிடுங்கள்; இல்லையென்றால் டிஸ்க்கைத் தின்றது யார் என்று எல்எஸ்ஸில் தேடித் தேடி அலுத்துப்போவீர்கள்.

மேக்கில் இதே வேலைக்கான எஃப்_ப்ரீஅலோகேட் இடத்தை மட்டும் பிடிக்கும், அளவை மாற்றாது. பின்னாலேயே எஃப்ட்ரங்கேட் போட்டால்தான் கோப்பு நீளும்.