ரங்கூனில் இருப்பவர் எந்த பாஸ்வேர்ட் மேனேஜரைத் தேர்ந்தெடுப்பது?

கைப்பேசியில் கடவுச்சொற்களைக் காத்துவைக்கும் செயலிகளைப் பற்றி வரும் ஒப்பீட்டுக் கட்டுரைகள் பெரும்பாலும் மாதக் கட்டணத்தையும் வசதிகளையும் அடுக்கிவிட்டு முடிந்துவிடுகின்றன. அவற்றை எழுதுபவர்களுக்கு இணைப்பு அறுபடுவதில்லை; எந்த நாட்டுக்கும் பணம் கட்டக்கூடிய வங்கி அட்டையும் அவர்கள் கையில் இருக்கிறது. மியான்மரில் இருக்கும் நமக்கோ, 2021 பிப்ரவரி நடுவிலிருந்து நள்ளிரவு 1 மணி முதல் காலை 9 மணி வரை இணையமே இல்லாமல் கழிந்த வாரங்களும், அடுத்த மாதமே மொபைல் டேட்டா நின்றுபோனதும் மறக்கக்கூடியவை அல்ல. ஆகவே இந்தச் செயலிகளைப் பற்றி என்னிடம் யார் யோசனை கேட்டாலும், இணைப்பும் இல்லை, சிம்மும் வேலை செய்யவில்லை, வெளிநாட்டுச் சந்தா கட்டவும் வழியில்லை என்ற நிலையில் அது திறக்குமா என்பதையே முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் தேர்வு இரண்டாகச் சுருங்குகிறது. ஒன்று, பிட்வார்டன். இலவசக் கணக்கிலேயே எத்தனை கடவுச்சொற்களையும் எத்தனை கருவிகளிலும் வைத்துக்கொள்ளலாம். அது எழுதப்பட்ட மூலநிரலை (சோர்ஸ் கோடு) யார் வேண்டுமானாலும் படித்துச் சோதிக்கலாம். இணைப்பு இல்லாத நேரத்தில், கடைசியாக ஒத்திசைந்த பிரதியை அது காட்டும். புதிதாக ஒன்றைச் சேர்க்கத்தான் இணைப்பு வேண்டும். ஆனால் அதன் அமைப்பில், குறிப்பிட்ட நேரம் கழிந்ததும் ‘பூட்டு’ என்பதற்குப் பதில் ‘வெளியேறு’ என்று வைத்திருந்தால், மறுபடி உள்ளே நுழையச் சர்வரைத் தொட்டே ஆக வேண்டும். இணையம் நின்ற இரவில் அது ஒரு பயனும் இல்லாத செயலியாகிவிடும்.

மற்றொன்று, கீபாஸ் வகை. 2003 முதல் கணினியில் இருந்துவரும் கீபாஸின் கோப்பு வடிவத்தையே ஆண்ட்ராய்டில் கீபாஸ்டிஎக்ஸ், கீபாஸ்2ஆண்ட்ராய்டு ஆகியவையும், ஐபோனில் கீபாஸியம், ஸ்ட்ராங்பாக்ஸ் ஆகியவையும் திறக்கின்றன. கணக்கு, சந்தா, சர்வர் எதுவும் இல்லை. எல்லாம் மறைகுறியாக்கப்பட்ட (என்கிரிப்ட் செய்த) ஒரே கோப்பில் அடங்கிவிடும். கீபாஸ்2ஆண்ட்ராய்டின் ஆஃப்லைன் பதிப்பு இணைய அனுமதியையே கேட்பதில்லை. அந்தக் கோப்பை மெமரி கார்டில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ இருக்கும் தம்பியிடம் ஒன்று என்று பிரதி எடுத்து வைக்கும் பொறுப்பு நம்முடையது. அந்தப் பொறுப்பை ஏற்கக்கூடியவருக்கு நான் தயங்காமல் சொல்வது கீபாஸ் வகையைத்தான், முடியாதவருக்குப் பிட்வார்டன்.

இரண்டிலும் எல்லாவற்றையும் தாங்கி நிற்பது, மற்றக் கடவுச்சொற்களைத் திறந்துகாட்டும் முதன்மைக் கடவுச்சொல் ஒன்றுதான். 2022இல் லாஸ்ட்பாஸ் என்ற இன்னொரு பாஸ்வேர்ட் மேனேஜர் நிறுவனத்திலிருந்து, வாடிக்கையாளர்கள் கடவுச்சொற்களைச் சேமித்த பெட்டகங்களின் பிரதிகள் திருடுபோயின. உள்ளே இருந்த கடவுச்சொற்கள் மறைகுறியாக்கப்பட்டிருந்தாலும், எந்தெந்தத் தளங்களில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் மறைகுறியாக்கப்படாமலே கிடந்தன. பெட்டகம் திருடன் கைக்குப் போனபின் அவனுக்கும் நமக்கும் இடையே நிற்பது முதன்மைக் கடவுச்சொல்லின் வலிமைதான். பகடை உருட்டி, 7,776 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து ஆறு சொற்களை எடுப்பது நன்கு சோதிக்கப்பட்ட முறை. குலதெய்வத்தின் பெயரோ, பிள்ளையின் பிறந்த நாளோ அதற்கு ஈடாகாது.

முதன்மைக் கடவுச்சொல்லைத் தமிழிலேயே வைத்துக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கிறார்கள். ஆசை நியாயமானது, ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோடு முறையில் ‘கொ’ என்ற எழுத்தின் ஒகரக் குறியை ஒரே குறியீடாகவும் சேமிக்கலாம், ஒற்றைக்கொம்பும் காலும் என இரண்டாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. செயலி அவற்றைச் சமப்படுத்தாவிட்டால் அதற்கு அவை வெவ்வேறு. கைப்பேசியை மாற்றி, வேறு கீபோர்டில் அதே சொல்லை அடித்தால் பெட்டகம் திறக்காமல் போகலாம். 2019 அக்டோபரில் நாடு யூனிகோடுக்கு மாறும் வரை ஸாஜீ என்ற பழைய பர்மிய எழுத்துருவோடு நாம் பட்ட பாட்டை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதுவதானால், ‘ழ’கரத்தை எப்படி எழுதுவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்து, ஒரு தாளில் எழுதி வீட்டுப் பத்திரங்களோடு வைத்துவிடுங்கள்.

நம் ஊரில் இன்னொரு வழக்கம் இருக்கிறது, அதுதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. புதுக் கைப்பேசி வாங்கினால் கடைப் பையனே ஜிமெயில் கணக்கைத் தொடங்கி, கடவுச்சொல்லைப் பெட்டியின் மேல் பேனாவால் எழுதித் தருகிறார்; வேண்டிய செயலிகளையும் தம் கைப்பேசியிலிருந்தே ஏற்றிவிடுகிறார். கூகுளின் பாஸ்வேர்ட் மேனேஜரில் சேமிப்பதெல்லாம் அந்தக் கணக்கிலேயே போய்ச் சேர்கிறது என்பதால், கடைக்காரருக்குத் தெரிந்த கணக்கில் வீட்டுச் சாவிகள் அனைத்தையும் தொங்கவிட்டதாகிறது. முதலில் அந்தக் கணக்கின் கடவுச்சொல்லை மாற்றுங்கள். மீட்பு எண்ணாகக் கடைக்காரரின் எண் பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். பாஸ்வேர்ட் மேனேஜரை மட்டும் எவரிடமிருந்தும் ஏபிகே கோப்பாக (ஆண்ட்ராய்டு செயலியை நேரடியாக ஏற்றும் கோப்பு) வாங்காமல், பிளே ஸ்டோரிலிருந்து நீங்களே இறக்குங்கள். கீபாஸ்டிஎக்ஸ், திறந்த மூலநிரல் செயலிகளுக்கான எஃப்-டிராய்டு தளத்திலும் கிடைக்கிறது.

செயலியை ஏற்றியதும், கடவுச்சொல்லைத் தானே உரிய இடத்தில் இடும் தானியங்கி நிரப்பலை (ஆட்டோஃபில்) இயக்கிவிடுங்கள். கடவுச்சொல்லை நகலெடுத்து ஒட்டும்போது அது கிளிப்போர்டில் சிறிது நேரம் கிடக்கும். தானியங்கி நிரப்பலில் அந்த ஆபத்து இல்லை, போலித் தளத்தின் முகவரியும் பொருந்தாது என்பதால் செயலி அங்கே தானாகக் கடவுச்சொல்லை நீட்டாது.

வேலைக்காக வெளிநாடு போகிறவர்கள் எஸ்எம்எஸ்ஸில் வரும் குறியீட்டை நம்பியிருக்கக் கூடாது. இங்கிருந்த எண் காலாவதியானால், கடவுச்சொல் சரியாக இருந்தும் கணக்குக்குள் நுழைய முடியாது. கிளம்புவதற்கு முன்பே, குறியீட்டைக் கைப்பேசியிலேயே உருவாக்கும் முறைக்கு மாறி, மீட்புக் குறியீடுகளையும் அச்சிட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

வைபரும் ஒரு பணப்பை செயலியும் தவிர வேறெதுவும் தொடாத வயதான அத்தைக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. அலமாரிக்குள் பூட்டி வைத்த ஒரு நோட்டுப் புத்தகம் அவருக்குப் போதும். அதில் ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு கடவுச்சொல்லை எழுதிக் கொடுத்துவிட்டு வாருங்கள்.