கண்ணாடியில் வெந்நீர் ஊற்றாதீர்கள்

பொங்கல் லீவில் கடலூரிலிருந்து சொந்த வண்டியில் ஊட்டி போயிருந்தோம். தலைகுந்தா பக்கம் தங்கல். காலை ஆறு மணிக்கு வெளியே வந்தால் புல்தரை முழுக்க உப்பு தூவின மாதிரி வெள்ளை, வண்டியின் கூரை வெள்ளை, முன்கண்ணாடியும் வெள்ளை. நகத்தால் சுரண்டினேன், தேங்காய்த் துருவல் மாதிரி உதிர்ந்தது. மார்கழிப் பனியை மட்டுமே பார்த்து வளர்ந்த எனக்கு உறைபனி அதுதான் முதல் தடவை.

"கொஞ்சம் வெந்நீர் ஊத்துனா போயிடும்டா" என்று சித்தப்பா பக்கெட்டோடு வந்தார். எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. ஊற்றிய அடுத்த நொடி 'டிக்' என்று ஒரு சத்தம். வைப்பருக்குப் பக்கத்தில், எப்போதோ லாரி டயரிலிருந்து கல் தெறித்து மிளகு அளவுக்கு ஒரு புள்ளி விழுந்திருந்தது, அங்கிருந்து ஒரு கோடு கிளம்பி நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு முழ நீளத்துக்கு மேலே ஏறியது. முன்கண்ணாடி என்பது நடுவில் பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய இரண்டு கண்ணாடி, அதனால் உடைந்து கொட்டவில்லை. ஆனால் மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. வெளிப்பக்கம் சட்டென்று சூடாகி விரிகிறது, உள்பக்கம் இன்னும் ஜில்லென்று இருக்கிறது, இந்த இழுபறியில் ஏற்கனவே அடிபட்ட இடம்தான் முதலில் விடும்.

பக்கத்தில் நின்ற உள்ளூர் டாக்ஸிக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. இஞ்சினைப் போட்டு, ஹீட்டர் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, முதலில் குறைவாக வைத்து மெதுவாகக் கூட்டினார். பத்து நிமிடத்தில் ஓரங்கள் இளகியதும் பழைய பிளாஸ்டிக் கார்டால் வழித்துத் தள்ளினார். "ராத்திரியே ஒரு சாக்கை மேல போட்டு, வைப்பரைத் தூக்கி விட்ருங்கண்ணே, காலையில உதறிட்டுக் கிளம்பிடலாம்" என்றார். மேகமில்லாத இரவில் கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடவும் குளிர்ந்துபோகிறது. சாக்கோ கூரையோ மரமோ குறுக்கே இருந்தால் அவ்வளவு குளிராது. வைப்பர் ஒட்டிக்கொண்டிருக்கும்போது சுவிட்சைப் போட்டால் ரப்பர் கிழியும், சில சமயம் மோட்டாரும் போகும்.

கனடாவில் இருக்கும் என் மச்சான், ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் இரண்டு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு கலந்து ஸ்பிரே பாட்டிலில் வைத்திருக்கிறார். அந்த ஆல்கஹால் உறைய மைனஸ் 89 டிகிரி வேண்டும், அதனால் அடித்ததும் பனி இளகிவிடுகிறது.

சரி, நம் ஊருக்கு வருவோம். இங்கே உறைபனி கிடையாது, ஆனால் மாசிப் பனி மச்சைத் துளைக்கும் என்கிற ஊர்தான் இது. அப்பாவை ஜிப்மருக்கு அழைத்துக்கொண்டு விடிகாலை ஐந்தரைக்குப் பாண்டிக்குக் கிளம்பினால், பெண்ணையாற்றுப் பாலம் தாண்டுவதற்குள்ளேயே கண்ணாடி மங்கிவிடும். அப்போது முதலில் ஒரு விரலை உள்பக்கமாக வைத்து இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்தால் ஈரம் உள்ளே, அது நாம் விடும் மூச்சு. ஏசியைப் போட்டுக் காற்றைக் கண்ணாடிக்குத் திருப்பி, உள்காற்றையே சுற்றவிடும் பட்டனை அணைத்துவிடுங்கள். ஏசி காற்றிலிருக்கும் ஈரத்தை எடுத்துவிடும், ஹீட்டரோடு சேர்த்துப் போட்டாலும் எடுக்கும். கோடு விழவில்லையா, ஈரம் வெளியே. வைப்பரை ஓட்டுங்கள். துடைத்தும் திரும்பத் திரும்ப வந்தால் ஏசிதான் கண்ணாடியைக் குளிர வைக்கிறது என்று அர்த்தம், அதைக் குறைத்துக் காற்றைக் காலுக்குத் திருப்புங்கள். தயவுசெய்து கையால் துடைக்காதீர்கள், கையின் எண்ணெய்ப்பசை படிந்து, எதிரே வரும் பஸ்ஸின் ஹெட்லைட் கண்ணாடி முழுக்கப் பரவிக் கண்ணை மறைக்கும்.

தட்டு அளவுக்கு மட்டும் துடைத்துக்கொண்டு அந்த ஓட்டை வழியாகவே பார்த்து ஓட்டுகிறவர்களை ரெட்டிச்சாவடிப் பக்கம் தினமும் பார்க்கிறேன், வயிறு கலங்குகிறது. மார்கழியில் அந்த நேரத்துக்குத்தான் பெண்கள் வாசலில், பாதி ரோட்டில், குனிந்து கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். அப்பா "நேரமாச்சு, எடுப்பா" என்று அவசரப்படுத்துவார். கண்ணாடி மூலைக்கு மூலை தெளிகிற வரை நான் வண்டியை நகர்த்துவதில்லை.