டாங்கிக்குள் நாலு பேர்

டிசம்பர் 12

ஒவ்வொரு டிசம்பரிலும் 1971 இந்திய-பாகிஸ்தான் போரைப் பற்றி எதையாவது எடுத்துவைத்துக்கொண்டு படிப்பது வழக்கம். இந்த முறை அருண் கேதர்பால், போர்க்கள வீரத்துக்கான உச்ச விருதான பரம் வீர் சக்கரம் பெற்றவர். 1950 அக்டோபர் 14, புனேயில் பிறப்பு. அப்பாவும் ராணுவ அதிகாரி, பொறியாளர் பிரிவு. சனாவர் லாரன்ஸ் பள்ளி, அப்புறம் தேசிய பாதுகாப்பு அகாதமி. 1971 ஜூன் 13 அன்று பூனா ஹார்ஸ் என்ற டாங்கி ரெஜிமென்டில் செகண்ட் லெப்டினன்ட் ஆகிறார். டிசம்பர் 16 அன்று சாகிறார். அதிகாரி உடுப்பில் இருந்தது வெறும் ஆறு மாதம்தான்.

டிசம்பர் 13

போர் வெடித்தபோது அகமத்நகரில் இளம் அதிகாரிகளுக்கான பயிற்சியில் இருந்திருக்கிறார். பாதியில் கூப்பிட்டு முனைக்கு அனுப்பிவிட்டார்கள். போகும்போது கோல்ஃப் மட்டைகளையும் விருந்துக்குப் போடும் நீலச் சீருடையையும் கட்டி எடுத்துக்கொண்டு போனாராம். எதற்கு என்று கேட்டால், லாகூரில் கோல்ஃப் ஆடலாம், ஜெயித்த பிறகு விருந்து இருக்குமே என்று பதில். இதை எல்லோரும் வீரத்துக்கு உதாரணமாகச் சொல்கிறார்கள், எனக்கு என்னவோ 21 வயதுதான் தெரிகிறது. சாவு தனக்கு இல்லை என்று நம்புகிற வயசு.

டிசம்பர் 15

பாகிஸ்தானின் ஷகர்கர் பகுதியில் பசந்தர் ஆறு. அதைத் தாண்டி இடம் பிடித்த காலாட்படைக்குத் துணையாக டாங்கிகள் போயாக வேண்டும், ஆனால் வழியெல்லாம் கண்ணிவெடி, பொறியாளர்கள் அகற்றி முடிக்கவில்லை. ரெஜிமென்டின் தளபதி லெப்டினன்ட் கர்னல் ஹனுத் சிங் காத்திருக்கவில்லை, பாதி சுத்தமான வெடிநிலத்தின் வழியாகவே இரவில் டாங்கிகளை ஓட்டச் சொல்லிவிட்டார்.

ஓட்டுவது என்றதும் ஞாபகம் வருகிறது, அவர்கள் ஓட்டிய செஞ்சுரியன் டாங்கி என்பது நாலு பேர் வேலை. முன்னால் கீழே டிரைவர். கோபுரத்துக்குள் பீரங்கிக்கு வலது பக்கம் கன்னர், அவர் முதுகுக்குப் பின்னால் கொஞ்சம் உயரத்தில் கமாண்டர். இடது பக்கம் லோடர், குண்டை ஏற்றுவதும் அவர்தான், வயர்லெஸ் பெட்டியைக் கவனிப்பதும் அவர்தான். கமாண்டர் தலையை வெளியே நீட்டி நாலாபுறமும் பார்க்கலாம். லோடர் சண்டை முழுக்க இரும்புக்குள்ளேயே நிற்கவேண்டியவர், எதிரி எங்கே இருக்கிறான் என்பது காதுவழியாகத்தான் தெரியும்.

டிசம்பர் 16

காலை 8 மணி வாக்கில் ஜர்பால் பக்கம் பாகிஸ்தானின் 13 லான்சர்ஸ் டாங்கி ரெஜிமென்ட் புகைத்திரை போட்டுக்கொண்டு பாட்டன் டாங்கிகளோடு எதிர்த்தாக்குதலுக்கு வந்தது. பூனா ஹார்ஸின் ஒரு பிரிவான 'பி' ஸ்குவாட்ரன் உதவி கேட்க, 'ஏ' ஸ்குவாட்ரனிலிருந்து அருண் தன் ஃபமகுஸ்டாவோடு பாய்ந்து போனார் (டாங்கிக்கு ஒரு சைப்ரஸ் துறைமுகத்தின் பெயர்). அந்த மோதலில் அழிந்த எதிரி டாங்கிகள் பத்து, அதில் நாலு அருணின் கணக்கு என்கிறது விருதுக் குறிப்பு. ஃபமகுஸ்டாவும் அடிபட்டுத் தீப்பிடித்தது. டாங்கியை விட்டு வெளியே வா என்று வயர்லெஸ்ஸில் உத்தரவு வருகிறது. பீரங்கி இன்னும் வேலை செய்கிறது, வரமாட்டேன் என்கிறார். கடைசி டாங்கியை நூறு மீட்டர் தூரத்தில் அடித்தபிறகு இரண்டாவது குண்டு இவர்மேல்.

அன்று மாலையே டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. மேற்கு முனையில் சண்டை ஓய மறுநாள் இரவு 8 மணி ஆனது.

வரமாட்டேன் என்று அருண் சொன்னபோது அந்த முடிவு மற்ற மூன்று பேருக்கும் சேர்த்துத்தான். லோடர் நந்த் சிங் அந்த டாங்கியிலேயே இறந்தார். டிரைவரும் கன்னரும் பிழைத்தார்கள். பரம் வீர் சக்கரம் கமாண்டருக்கு, அது நியாயம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த நாலு டாங்கிக்கும் குறிபார்த்து விசையை அழுத்தியது கன்னர், குண்டைத் தூக்கிப் போட்டது லோடர். பத்து கட்டுரை படித்தால் ஒன்றில்தான் நந்த் சிங் பெயர் வருகிறது.

டிசம்பர் 17

2001-ல் அருணின் அப்பா, அப்போது 81 வயது, தான் பிறந்த சர்கோதாவைப் பார்க்கப் பாகிஸ்தான் போனார். லாகூரில் வீட்டில் தங்கவைத்து ராஜ உபசாரம் செய்தவர் பிரிகேடியர் கவாஜா முகமது நாசர். கிளம்புவதற்கு முந்தைய இரவில், உங்கள் மகன் என் கையால்தான் இறந்தான் என்று அவரே சொல்லியிருக்கிறார். மறைத்திருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. சொல்லாமல் அனுப்பியிருந்தால் அந்த உபசாரமே பொய்யாகியிருக்கும் என்று எனக்குப் படுகிறது.

ஷகர்கர் பகுதியில் பிடித்த நிலம் 1972 சிம்லா ஒப்பந்தத்துக்குப் பிறகு பாகிஸ்தானிடமே திரும்பப் போய்விட்டது. ஃபமகுஸ்டா இப்போது அகமத்நகரில் நிற்கிறது.